வெள்ளை ஒயினில் ஓக்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தள்ளி வைக்கலாம்

ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே (ஒரு வெள்ளைத் திராட்சை, அதன் ஒயினுக்கும் அதே பெயர்) என்றாலே முகம் சுளிக்கிற ஒரு கூட்டம் உண்டு. அந்த வனிலா வாசம் வராவிட்டால் ஒயினே இல்லை என்கிற இன்னொரு கூட்டமும் உண்டு. இரண்டு தரப்பும் ஓக்கின் பெயரைச் சொல்லி வேறு எதையோ திட்டுகின்றன, வேறு எதையோ புகழ்கின்றன என்பது என் கட்சி. வெறும் எஃகுத் தொட்டியில் இருந்த ஷாப்லி ஒன்று, பீப்பாய்க்குள்ளேயே நொதித்த மெர்சோ ஒன்று (இரண்டும் பிரான்சின் பர்கண்டிப் பகுதி ஷார்டனேக்கள்), லேபிளில் ஓக் என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவான ஷார்டனே ஒன்று, ஸ்பெயினின் ரியோஹாவிலிருந்து வின்யா கிரவோனியா என்ற வெள்ளை ஒயின், கூடவே ஃப்யூமே பிளாங்க் என்ற பெயரில் வரும் ஒரு சாவின்யோன் பிளாங்க், இவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துக் குடித்துப் பார்த்தேன். மதிப்பெண் எதுவும் போடப் போவதில்லை, மதிப்பெண் பார்த்து வாங்குகிறவர்களுக்கு நிறைய இடம் இருக்கிறது.

முதலில் ஷாப்லி. ஓக் என்ன செய்கிறது என்று பிடிபட வேண்டுமானால், ஓக் படாத ஷார்டனே எப்படி இருக்கும் என்பது நாக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், நனைந்த கல், கூரான புளிப்பு, அவ்வளவுதான். ஷார்டனே இயல்பிலேயே அதிகம் பேசாத திராட்சை. மஸ்கட், கெவுர்ட்ஸ்ட்ராமினர் போலக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே மணம் வீசுகிற ரகம் இல்லை. பீப்பாய் வைத்திருப்பவர்களுக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவே காரணம். நான் குடித்தது சுத்தமான ஒயின், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வாயில் பட்டதும் ஒரு வெட்டு, விழுங்கும்போது ஒரு வெட்டு, நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியம், பீப்பாயின் உண்மையான வேலையும் அங்கேதான் இருக்கிறது, வாசத்தில் இல்லை.

அதற்குள் போவதற்கு முன் வெண்ணெய் விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் ஓக் பிடிக்காது என்று சொல்கிற பத்துப் பேரில் பாதிப் பேருக்காவது உண்மையில் பிடிக்காதது வெண்ணெய் வாசம்தான் என்பது என் அனுமானம். அந்த வாசம் மரத்திலிருந்து வருவதே இல்லை. திராட்சையில் இருக்கும் மாலிக் அமிலத்தை ஒரு பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, மாலோலாக்டிக் நொதித்தல் என்பார்கள். அதில் கூர்மையான புளிப்பு மென்மையாகிறது, போகிற போக்கில் டைஅசெட்டில் என்ற பொருள் உண்டாகிறது, வெண்ணெய் வாசம் அதனுடையது. எஃகுத் தொட்டியிலும் இது நடக்கும். பெரும்பாலான ஷாப்லிகளும் இந்த நொதித்தலைத் தாண்டித்தான் வருகின்றன, ஆனாலும் அவற்றில் வெண்ணெய் அடிப்பதில்லை. ஒயினை ஈஸ்ட் வண்டலோடு சேர்த்து விட்டுவைத்தால் அந்த டைஅசெட்டிலை ஈஸ்ட்டே தின்று வாசமில்லாத பொருளாக மாற்றிவிடும். ஆக வெண்ணெய் தூக்கலாக இருந்தால் அது ஒயின் செய்தவர் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தது, பீப்பாயின் மேல் பழி போடக் கூடாது. மறுபக்கத்திலும் உதாரணம் உண்டு. 1976 மே 24 அன்று பாரிஸில் லேபிளை மறைத்து நடத்திய ருசிப் போட்டியில் பர்கண்டியின் பெரிய பெயர்களைத் தாண்டி வெள்ளை ஒயின்களில் முதலில் வந்தது கலிஃபோர்னியாவின் ஷாடோ மாண்டெலீனா 1973 ஷார்டனே. பீப்பாயில் இருந்த ஒயின்தான், ஆனால் அந்த நிறுவனம் தன் ஷார்டனேயில் மாலோலாக்டிக்கை அனுமதிப்பதில்லை என்பதற்குப் பேர்போனது. கலிஃபோர்னியா என்றாலே வெண்ணெய்க்கட்டி என்று கிண்டல் செய்பவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சரி, அந்த மலிவு ஷார்டனே. திறந்ததும் வனிலா, அடுத்து தேங்காய், அடுத்து மறுபடியும் வனிலா. முதல் வாய்க்கு நன்றாகவே இருந்தது, அதை மறுக்கவில்லை. இரண்டாவது வாயில் பழம் எங்கே என்று தேட ஆரம்பித்தேன், கோப்பையின் பாதிக்கு வரும்போது நாக்கின் பின்பக்கம் மரத்தூள் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு வறண்ட துவர்ப்பு, கசப்போடு. இந்த மாதிரி ஒயினில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஒயின் பீப்பாய்க்குள் போவதில்லை, பீப்பாய்தான் துண்டு துண்டாக ஒயினுக்குள் வருகிறது: வறுத்த ஓக் சில்லுகளையோ பலகைத் துண்டுகளையோ எஃகுத் தொட்டிக்குள் போட்டு ஊறவைத்து எடுத்துவிடுகிறார்கள். இதில் சட்ட விரோதம் ஒன்றும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியமே 2006இல் சில்லுகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, வாங்குகிறவர்களுக்குப் பயன்படும். சில்லு போட்டுச் செய்த ஒயினின் லேபிளில் பீப்பாயில் நொதித்தது, பீப்பாயில் முதிர்ந்தது என்றெல்லாம் எழுதக் கூடாது. எனவே ஐரோப்பிய பாட்டிலின் பின்பக்கத்தில் ஓக்கின் சாயல், ஓக்கின் தொடுகை என்று பட்டும் படாமலும் எழுதி, பீப்பாய் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லையென்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இந்த வனிலாவும் தேங்காயும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பாட்டில் தேர்ந்தெடுப்பது எளிதாகிறது. பீப்பாய் செய்பவர் பலகைகளை முதலில் வெட்டவெளியில் இரண்டு மூன்று வருடம் மழையிலும் வெயிலிலும் காயப் போடுகிறார், பச்சை மரத்தின் கடுந்துவர்ப்பு அதில் இறங்கிப் போகும். பிறகு நெருப்பின் மேல் வைத்து வளைக்கிறார், வளைத்த பின்னும் உட்புறத்தை வாட்டுகிறார். அந்த வாட்டலில்தான் சமையல் நடக்கிறது. மரத்தின் லிக்னின் உடைந்து வனிலின் வருகிறது, இன்னும் சூடேறினால் புகை வாசம் தரும் குவையக்கோல் வருகிறது, மரத்திலுள்ள சர்க்கரைப் பொருட்கள் உடைந்து வாதுமையையும் கேரமலையும் நினைவூட்டும் ஃபர்ஃபுரால் வகையறாக்கள் வருகின்றன. கிராம்பு மாதிரி ஒரு வாசம் வந்தால் அது யூஜினால், கிராம்பில் இருக்கும் அதே பொருள்தான். தேங்காய் மட்டும் நெருப்பை நம்பியில்லை, ஓக் லாக்டோன் மரத்திலேயே இருக்கிறது, அதுவும் அமெரிக்க வெள்ளை ஓக்கில் மிக அதிகம். பிரெஞ்சு ஓக்கில் குறைவு, பதிலுக்கு அதில் துவர்ப்புப் பொருட்கள் கூடுதல். அமெரிக்க மரத்தின் துளைகள் உள்ளே அடைபட்டு இருப்பதால் அதை ரம்பத்தால் அறுத்துப் பலகை போட்டாலும் ஒழுகாது, பிரெஞ்சு மரத்தை நார் ஓடும் திசையிலேயே பிளந்தாக வேண்டும், பாதிக்கு மேல் மரம் வீணாகும். பிரெஞ்சு பீப்பாயின் விலை ஏன் அப்படி எகிறுகிறது என்பதற்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று, வெறும் பெயர் மோகம் மட்டும் இல்லை.

இனி மெர்சோ, இந்த வரிசையில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது இதனோடுதான். பர்கண்டியின் 228 லிட்டர் பீப்பாயில், அதில் ஒரு பகுதி புதுப் பீப்பாயில், சாறாக இருக்கும்போதே ஊற்றி அங்கேயே நொதிக்க விட்ட ஒயின். மலிவு பாட்டிலை விட நிஜமான மரத்தோடு இதற்குத்தான் நெருக்கமான உறவு, நாள் கணக்கிலும் அதிகம், அப்படியென்றால் மரவாசம் இதில்தானே தூக்கலாக இருக்க வேண்டும்? இல்லை. மூக்கில் ஹேசல் கொட்டை, மெல்லிய வறுத்த வாசம், கீழே நல்ல எலுமிச்சை. வனிலா என்று விரல் நீட்டிக் காட்டும்படி எதுவும் இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் காரணம் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது. நொதித்துக் கொண்டிருக்கும் ஈஸ்ட், மரத்திலிருந்து இறங்கும் வனிலினை அப்போதைக்கப்போதே வாசம் குறைந்த வேறொரு ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. செத்து அடியில் படியும் ஈஸ்ட் வண்டலும் சும்மா இருப்பதில்லை, மரத்தின் துவர்ப்பையும் நிறத்தையும் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. எஃகில் நொதித்து முடித்த தெளிந்த ஒயினைப் புதுப் பீப்பாய்க்கு மாற்றினால் இந்தக் காவல் இல்லை, மரம் கொடுப்பதெல்லாம் அப்படியே ஒயினில் தங்கும், நிறமும் சீக்கிரம் மஞ்சளேறும். அதாவது முழு நொதித்தலும் மரத்துக்குள் நடந்த ஒயின், பிற்பாடு கொஞ்ச காலம் மட்டும் மரத்தில் இருந்த ஒயினை விட மர வாசம் குறைவாகக் காட்டலாம். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் இரண்டையும் அருகருகே குடித்தால் சந்தேகமே வராது. லேபிளில் பீப்பாயில் நொதித்தது என்று பார்த்ததும் பயந்து ஒதுங்குபவர்கள் உண்மையில் தங்களுக்குப் பிடிக்கக்கூடிய பாட்டிலைத்தான் ஒதுக்குகிறார்கள்.

அப்புறம் அந்த நடுப்பகுதி. ஷாப்லியில் காலியாகக் கிடந்த இடம் மெர்சோவில் நிறைந்திருந்தது, எண்ணெய் தடவியது போன்ற ஒரு வழவழப்பு, ஆனால் கனமில்லை. அந்த வண்டலோடு மாதக்கணக்கில் இருந்தது, அவ்வப்போது நீண்ட கோலால் அதைக் கலக்கிவிட்டது (பர்கண்டிக்காரர்கள் பட்டோனாஜ் என்பார்கள்), பலகையின் வழியே மிகச் சிறிய அளவில் உள்ளே வந்துகொண்டிருந்த காற்று, இந்த மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது. இதற்குப் புது மரமே தேவையில்லை என்பதுதான் வேடிக்கை. ஷாப்லியிலேயே ரவ்னோ, தோவிஸா என்ற இரண்டு பெயர்பெற்ற ஒயின் நிறுவனங்கள் பெரும்பாலும் பழைய பீப்பாய்களைத்தான் பயன்படுத்துகின்றன, மர வாசம் இல்லாமல் அந்த நிறைவு மட்டும் கிடைக்கிறது. நல்ல ஓக் கச்சேரியில் தம்புரா மாதிரி இருக்க வேண்டும், நின்றுபோனால்தான் அது இருந்தது தெரியும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: இப்போதைய பல பர்கண்டிகளில் தீக்குச்சி உரசிய மாதிரி ஒரு வாசம் வரும், அதையும் ஓக்கின் புகை என்று நினைத்துவிடாதீர்கள், அது கந்தகச் சேர்மங்களின் வேலை. எனக்கு அது லேசாக இருந்தால் பிடிக்கும், அளவு மீறினால் தலைவலி.

பீப்பாயின் அளவும் வயதும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் மரம் அதிகமாகப் படுகிறது, பிரான்சின் போர்தோ பகுதியின் 225 லிட்டரோடு 500, 600 லிட்டர் பீப்பாய்களை ஒப்பிட்டால் பெரியதில் சுவை மெல்ல இறங்கும். புதுப் பீப்பாய்தான் வாசத்தைக் கொட்டும், மூன்று நான்கு முறை பயன்படுத்திய பின் அது காற்றை மட்டும் விடும் ஒரு பாத்திரமாகிவிடும். ஜெர்மனியின் மோசெல் பகுதியில் ரீஸ்லிங் திராட்சை ஒயினை 1000 லிட்டர் பழைய ஓக்கில் வைக்கிறார்கள், அதில் யாரும் வனிலா கண்டுபிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பழைய மரத்தின் உச்சம் என்று வின்யா கிரவோனியாவைச் சொல்லலாம். லோபெஸ் தே எரேதியா 1877இல் தொடங்கிய ஒயின் நிறுவனம், பீப்பாய்களைக்கூடத் தாங்களே செய்துகொள்கிறார்கள், அதுவும் அமெரிக்க ஓக்கில். வியூரா திராட்சை, நான்கு வருடம் பீப்பாயில், பிறகு பாட்டிலில் இன்னும் சில வருடம், அறுவடை ஆகி ஏறக்குறையப் பத்து வருடம் கழித்துத்தான் விற்பனைக்கே வருகிறது. நான்கு வருடம் அமெரிக்க ஓக் என்றதும் தேங்காய் கொட்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு துளி இல்லை, ஏனென்றால் அந்தப் பீப்பாய்கள் எப்போதோ தங்கள் வாசத்தைக் கொடுத்து முடித்துவிட்டன. வருவது தேன்மெழுகு, காய்ந்த சாமந்தி, கொட்டைகள், உலர்ந்த ஆரஞ்சுத் தோல், அதற்குக் கீழே ஆச்சரியப்படும்படி இன்னும் உயிரோடிருக்கும் புளிப்பு. இது காற்றின் சுவை, மரத்தின் சுவை இல்லை. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், புதுப் பழம் தேடுகிறவர்களுக்கு இது கெட்டுப்போன ஒயின் மாதிரித் தோன்றலாம், முதல் கோப்பையில் எனக்கே கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. ஆனால் கோப்பையில் விட்டு வைத்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது வேறு ஒயினாகியிருந்தது. இந்த வரிசையில் மறுபடி வாங்கப் போகிற முதல் பாட்டில் இதுதான், மெர்சோ இரண்டாவது, அதற்கும் பாதிக் காரணம் மெர்சோவின் விலை.

ஃப்யூமே பிளாங்க் பற்றிச் சுருக்கமாக. 1968இல் கலிஃபோர்னியாவில் ராபர்ட் மொண்டாவி தன் சாவின்யோன் பிளாங்குக்கு வைத்த பெயர் அது, அவர் அதைப் பீப்பாயில் வைத்து இனிப்பில்லாமல் செய்தார், விற்பனை சூடு பிடித்ததும் மற்றவர்களும் அதே பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயர் சாவின்யோன் பிளாங்குக்கு இன்னொரு பெயர் மட்டுமே, ஓக் பட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, ஃப்யூமே என்றால் பிரெஞ்சில் புகையூட்டியது, பெயரில் புகை இருக்கிறதே என்று நம்பி வாங்கக் கூடாது. நான் குடித்த பாட்டிலில் ஓக் இருந்தது, புதியதாகவே இருந்தது, அதுதான் சிக்கல்: புல், எலுமிச்சை, குடைமிளகாய் என்று தனக்கென்று ஒரு குரல் உள்ள திராட்சையோடு வனிலா சண்டை போட்டது. போர்தோவில் இதே திராட்சையைச் செமியோன் என்ற இன்னொரு திராட்சையோடு கலந்து பீப்பாயில் நொதிக்க விடுகிறார்கள், அங்கே செமியோனின் சதைப்பற்று நடுவில் நின்று சமாதானம் செய்கிறது. தனியாக வரும் சாவின்யோனுக்குப் பெரிய பழைய பீப்பாய் போதும் என்பது என் கருத்து. ரீஸ்லிங், மஸ்கட் மாதிரி வாசமுள்ள ரகங்களில் புது ஓக் போட்டவற்றைப் பார்த்தால் நான் நிற்காமல் கடந்துவிடுவேன்.

இவற்றை எப்படிக் குடிப்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது, நிறையப் பேர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். வெள்ளை ஒயின் என்றால் எலும்பு நடுங்கக் குளிர வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம். ஷாப்லிக்குச் சரி, பீப்பாய் ஒயினைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் வாசம் மூடிக்கொள்ளும், மரத்தின் துவர்ப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும், ஓக் பிடிக்காது என்று முடிவு கட்டிவிடுவீர்கள். 10 முதல் 13 டிகிரி வரை வைத்தால் நல்லது, கோப்பையும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும். கிரவோனியாவுக்கு இன்னும் ஒன்றிரண்டு டிகிரி கூடினாலும் தப்பில்லை. புதுப் பீப்பாயில் நொதித்த ஒயினைச் சின்ன வயதில் திறக்கிறீர்கள் என்றால் முன்கூட்டியே வேறு பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் வறுத்த வாசம் தணியும். இரண்டு மூன்று வருடம் பொறுத்தால் மரமும் பழமும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதும் உண்மைதான், ஆனால் ரொம்பவும் காத்திருக்காதீர்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து விலை உயர்ந்த பர்கண்டி வெள்ளைகள் பல, வயதாவதற்கு முன்பே ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பேறிப் போன கதை ஊரறிந்தது, ஒரே பெட்டியில் ஒரு பாட்டில் அருமையாகவும் அடுத்தது வீணாகவும் இருக்கும். பெட்டியாக வாங்குபவர்கள் ஆண்டுக்கு ஒன்றைத் திறந்து பார்த்துக்கொண்டே வருவது உத்தமம்.

ஓக்கே வேண்டாம் என்று இருப்பவர் நீங்கள் என்றால், கடையில் கேட்க வேண்டியது ஓக் உண்டா இல்லையா என்று அல்ல. பீப்பாயில் நொதித்ததா, பின்னால் மாற்றியதா, அதில் எத்தனை பங்கு புதுப் பீப்பாய் என்று கேளுங்கள். இந்த விவரத்தைப் பல தயாரிப்பாளர்கள் தங்கள் தளத்திலேயே போட்டிருப்பார்கள், மறைப்பதில்லை. புதியது கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ என்றால் தைரியமாக எடுங்கள், நூறு சதவீதம் புதியது என்று பெருமையாக எழுதியிருந்தால், அந்தத் தோட்டத்துத் திராட்சைக்கு அதைத் தாங்கும் சதை இருக்கிறது என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் மட்டும். வெண்ணெய்தான் பிரச்சினை என்றால் மாலோலாக்டிக் தடுக்கப்பட்டதா என்று பாருங்கள், வனிலாதான் பிரச்சினை என்றால் அமெரிக்க ஓக்கையும் சில்லையும் தவிர்த்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும், இரண்டுமே பிரச்சினை இல்லை, எனக்கு மரத்தின் வாசமே வேண்டும் என்பவர்கள் இந்த விமர்சனத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, உங்களுக்காகவே செய்கிற ஒயின் சந்தையில் கொட்டிக் கிடக்கிறது.

மிச்சம் வைத்த பாட்டில்களை மறுநாளும் பார்த்தேன். ஷாப்லி ஒரு படி மங்கியிருந்தது, ஃப்யூமேயின் சண்டை கொஞ்சம் அடங்கியிருந்தது, மெர்சோ முதல் நாளை விடத் திறந்திருந்தது, கிரவோனியாவில் எந்த மாற்றமும் இல்லை. மலிவு ஷார்டனேயில் பழம் முழுதாகப் போய் மரத்தூள் மட்டும் பாக்கி இருந்தது, அதைக் கொட்டிவிட்டேன்.